அனைத்தையும் மாற்று

செப்டம்பர் 3, புதன்

மேல்தொட்டி கழுவ வருவதாகச் சொன்ன ஆள் இன்றும் வரவில்லை. குழாயைத் திறந்தால் டீத்தண்ணீர் நிறத்தில் வருகிறது. சுபாஷினி காலையில் ஒன்றும் பேசாமல் வாளியை மட்டும் தூக்கிக் காட்டினாள். அவள் பேசாமல் காட்டினால் அது பேசுவதைவிட மோசம்.

அலுவலகத்திலும் இன்று துப்புரவு வேலைதான். மாத முடிவுக்குள் எங்கள் ‘ஏடு’ மென்பொருளுக்குத் திறந்த தரச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். உள்ளாட்சி ஆவணங்களை இனி யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில்தான் வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எங்கள் ஏடு கோப்பை ஏட்டைத் தவிர வேறு எதிலும் திறக்க முடியாது. ஆனாலும் சான்றிதழ் வேண்டும். இதைச் சொல்லும்போது முதலாளி தினகர் சிரிக்கவே இல்லை. “வடிவத்தோட விளக்கத்தை நாற்பது பக்கத்துக்கு எழுதிக் குடுத்துருவோம் கோமதிநாயகம். முக்கியமான நாலு பக்கத்தை மட்டும் பாதுகாப்புக் காரணம்னு சொல்லி விட்ருவோம்” என்றார். எழுதப் போவது நான்தான்.

அதற்கு முன்னால் நிரலைச் சுத்தம் பண்ணச் சொன்னார். தணிக்கைக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்க்கலாமாம். பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை இன்றைய ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றும் பகுதிதான் ஏட்டின் வயிறு. அதில் கோப்புக்குக் கோப்பு, தலைப்பில், என் பழைய கூட்டாளி ஒருவனின் பெயர் கிடக்கிறது. கல்லூரி முடித்த கையோடு அவனும் நானும் சேர்ந்து எழுதிய ‘குருவி’ என்ற கட்டற்ற மென்பொருளிலிருந்து வந்த பகுதி அது. பாதிக்கு மேல் நான் எழுதியது. எடுத்துக்கொள்ள எனக்கும் உரிமை உண்டு.

தேடு என்ற இடத்தில் அவன் பெயர். மாற்று என்ற இடத்தில் வில்வம் சிஸ்டம்ஸ். அனைத்தையும் மாற்று என்ற பொத்தான். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் இடங்கள். நான்கு நொடி ஆயிற்று.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர் சரியில்லாததுதான் காரணம்.

செப்டம்பர் 4, வியாழன்

சான்றிதழுக்கான கருத்துக் கேட்புக் கூட்டம், பாளையங்கோட்டையில். முப்பது நாற்காலி, பதினொரு பேர். அவர்களில் ஒருவனாக அந்தப் பழைய கூட்டாளி வந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முன்வரிசையில் உட்கார்ந்து தொலைத்தேன். பின்னாலிருந்து பார்க்கிறானோ என்று பிடரி முழுக்க அரிப்பு.

இப்போது ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறான். கொஞ்சம் வழுக்கை. குரல் அப்படியே இருக்கிறது, ஒலிபெருக்கி தேவையில்லை.

“இந்த ஊர்க்காரன் பொறந்தது, செத்தது, வேல பாத்தது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. சாவி ஒரு கம்பெனி கையில. நாளைக்கு அவுக கடையச் சாத்திட்டுப் போய்ட்டா, நாம உயிரோட இருக்கமா இல்லையான்னு யாருகிட்ட போய்க் கேக்கது?”

தினகர் சார் எழுந்து, எங்கள் வடிவம் நாற்பது பக்க விளக்கத்தோடு திறந்தே கிடக்கிறது என்றார்.

“பொருளடக்கத்துல நாப்பத்திநாலுன்னு போட்டிருக்கே சார். மிச்சம் நாலு பக்கம் எங்க?”

பொருளடக்கத்தைத் திருத்த மறந்தது நான். தினகர் சார் என் பக்கம் திரும்பவில்லை, அவர் காது சிவந்ததை மட்டும் பார்த்தேன்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான். பதினான்கு வருடம் கழித்துப் பேச்சு.

“என்னல கோமதி, நல்லாருக்கியா?”

“இருக்கேன்ல.”

“ஏட்டுக்குள்ள குருவி இருக்கா?”

“அதெல்லாம் பழைய கதைல.”

“இருந்தா இருக்கட்டுமே. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும்னுதான அத விட்ருக்கோம். ரெண்டே நிபந்தன. எழுதுனவன் பேர எடுக்கக் கூடாது. நீ எடுத்த மாதிரியே அடுத்தவனும் எடுக்க வழி விடணும்.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரியும்னு எனக்கும் தெரியும்ல” என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நான் பொய் சொல்லவில்லை. இருக்கிறதா என்று கேட்டான், பழைய கதை என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால்தானே அது பொய்.

செப்டம்பர் 8, திங்கள்

சுத்தம் செய்த நிரலைக் கொண்டு தென்மலைப்பேரி நகராட்சியின் பழைய கோப்புகள் அத்தனையையும், தணிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மறுபடி ஒருங்குறிக்கு மாற்றினோம். பிழை ஒன்றுமில்லை என்று பச்சை எழுத்தில் வந்தது. கைதட்டினார்கள்.

செப்டம்பர் 10, புதன்

முந்தைய பதிப்பை அழித்துவிட்டுப் புதியதை நகராட்சிக் கணினியில் ஏற்றியாயிற்று. தணிக்கைக்காரர்கள் அதன் மேல் மின்முத்திரை வைத்துவிட்டார்கள். முப்பதாம் தேதி முடிவு சொல்லும் வரை ஓர் எழுத்தை மாற்றினாலும் யார், ஏன் மாற்றினார் என்று பதிவாகும்.

அந்த நகராட்சிக்கு எங்கள் ஏட்டை விட்டால் வேறு கதியில்லை. ஊழியர்களின் காகிதப் பதிவேடுகள் எல்லாம் இரண்டு வருடத்துக்கு முந்திய டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்தோடு ஊறிப்போய்விட்டன. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, கூட்டத்தில் அவன் சாவியைப் பற்றிப் பேசும் வரை.

தினகர் சார் அல்வா வாங்கிக்கொடுத்தார். தொட்டிக்காரரைக் கூப்பிட்டேன். நாளைக்கு வருகிறாராம்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் நகராட்சியிலிருந்து எழுத்தர் கூப்பிட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினார். “ஏன் சார், உங்க கம்பெனி எங்ககிட்ட குழாய் ரிப்பேர் பாத்துச்சா? சொல்லவேயில்ல?”

நேரில் போனேன். திரையில் ஓர் ஊழியரின் பணிப்பதிவேடு. பெயர்: வில்வம் சிஸ்டம்ஸ். பதவி: குழாய் பொருத்துநர். பணியில் சேர்ந்த நாள்: 12.06.1998. மனைவி: பேராச்சி. பணியிலிருக்கும்போது காலமான நாள்: 26.09.2022.

அந்தப் பேராச்சி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. பக்கத்தில் மகள் வேணி, தலை நிமிராத பெண். எழுத்தர் சிரிப்பதைப் பார்த்துத் தானும் கொஞ்சம் சிரிக்க வேண்டுமோ என்ற சந்தேகத்தில் பேராச்சி இருந்தார்.

“எம் புருசன் பேரு மாசானம் சார். இருவத்திநாலு வருசம் இந்த ஊருக்குத் தண்ணி தொறந்து விட்டவரு. கம்பெனின்னு போட்டிருக்குங்காவ. இது எந்தூருக் கம்பெனி சார்?”

என் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மாசானம். என் கூட்டாளியின் பெயரும் அதுதான். எழுதிவிட்டேன், போதுமா.

நடந்தது இதுதான். குருவிக்குள் ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. இடப்பக்கம் பழைய எழுத்துருவில் குப்பையாகத் தெரியும் எழுத்துகள், வலப்பக்கம் அதன் சரியான தமிழ்ப் பெயர். இந்தப் பக்கத்து ஆட்களின் பெயர்களாக ஒன்பதாயிரம் பெயர்களை உட்கார்ந்து சேர்த்தது அவன்தான். நான் அவன் பெயரை எல்லா இடத்திலும் மாற்றியபோது அந்தப் பட்டியலின் வலப்பக்கத்திலும் மாறியிருக்கிறது. அதற்கப்புறம் எந்த மாசானம் வந்தாலும் நிரல் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்து, வில்வம் சிஸ்டம்ஸ் என்று எழுதிவைத்திருக்கிறது. பிழையே இல்லை.

எழுத்தர் சிரிப்பை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். பணியில் இருக்கும்போது இறந்தவரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. இறந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். வேணிக்குப் பதினெட்டு முடிந்ததே போன மாதம்தான். இந்த இருபத்தாறாம் தேதியோடு கெடு முடிகிறது. இறப்புச் சான்றிதழில் மாசானம். பணிப்பதிவேட்டில் மாசானம் என்று ஒருவரே இல்லை.

“சரியான பிரிண்ட் இல்லாம நான் வாங்கினா எனக்கு மெமோ வரும் சார்” என்றார் எழுத்தர்.

“நாளைக்குச் சரி பண்ணிருவோம்மா” என்றேன். பேராச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்று மாசானங்கள். அவர்களில் நாற்பது பேர் ‘தந்தை பெயர்’ கட்டத்தில் வருகிறவர்கள், வேறு யாருக்கோ அப்பாக்கள். ஒரு தெருவும் போயிருக்கிறது. தென்மலைப்பேரியில் இப்போது வில்வம் சிஸ்டம்ஸ் கோயில் தெரு இருக்கிறது.

தினகர் சாரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு ஏன் அந்தப் பெயர் மட்டும் மாறியது என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்தினார்.

“யாரும் எதையும் தொடக்கூடாது. திருத்தினா காரணம் எழுதணும். காரணம் எழுதினா, அந்தப் பேரு ஏன் நம்ம நிரலுக்குள்ள இருந்துச்சுன்னு கேப்பான். கூட்டத்துல நாலு பக்கம் எங்கன்னு கேட்டானே, அவன் பேருதானே அது?”

“ஆமா சார். ஆனா அந்தம்மாவுக்கு இருபத்தாறு கடைசி நாள்.”

“முப்பதுக்கு அப்புறம் அறுபத்து மூணு பேருக்கும் சேர்த்து சரி பண்ணிக் குடுப்போம். நாலு நாள்தானே?”

“பேருல எழுத்துப்பிழைன்னு நம்ம சார்பா ஒரு கடிதமாவது...”

“எழுத்துல எதுவும் கிடையாது.”

நான் விடாமல் வாதாடினேன். வாதாடினேன் என்றால், சரி சார் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். சாயங்காலம் பார்த்தால் என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை.

செப்டம்பர் 17, புதன்

தொட்டிக்காரர் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. பேராச்சி கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

ஒரு தாளைக் கொடுத்து இருபத்தைந்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஏடு மென்பொருளின் ஒவ்வொரு வரியும் வில்வம் சிஸ்டம்ஸ் ஊழியர்களால் மட்டுமே எழுதப்பட்டது என்று உறுதி கூறுகிறேன்.’ நான் நிரல் பிரிவின் தலைவன், ஆகவே என் கையெழுத்து.

வீட்டில் மேசைமேல் வைத்திருந்ததைச் சுபாஷினி எடுத்துப் படித்துவிட்டாள். கேஸ் சிலிண்டர் புக் பண்ணிய ரசீது தேடினாளாம்.

“இது நெசமா?”

“பெரும்பாலும்.”

“பெரும்பாலும்னா?”

“பாதி நான் எழுதினது. நானும் ஊழியன்தான?”

“நம்ம கல்யாணம் ஆன புதுசுல நீங்க குருவி எழுதுன அந்த ரூமுக்கு நான் சோறு கொண்டாருவேன். எப்பப் பாத்தாலும் மாசானம் அண்ணன்தான் தட்டிக்கிட்டு இருப்பாவ. நீங்க பக்கத்துல உக்காந்து சினிமா கத சொல்லிக்கிட்டு இருப்பீங்க.”

இவளுக்கு நிரல் எழுதுவதைப் பற்றி என்ன தெரியும். யோசிப்பதும் எழுதுவதுதான். அரைமணி நேரம் கோபத்தில் குக்கருக்குப் புது வளையம் மாட்டினேன், தலைகீழாக மாட்டியிருக்கிறேன். விசில் வராமல் சாதம் குழைந்துவிட்டது. குழந்தைகள் அதையே சாப்பிட்டார்கள்.

செப்டம்பர் 20, சனி

பேராச்சி அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். காவலாளி உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். தன் கணவன் பெயருக்குப் பதிலாக உட்கார்ந்திருப்பது எது என்று பார்க்க வந்தவரைப் போல.

பின்வாசல் வழியாகப் போய் வண்டியை எடுத்தேன். ஆணி ஏறிப் பஞ்சர். தள்ளிக்கொண்டு முன்பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது.

“சார், நாளைக்குன்னு சொன்னிய.”

“சர்வர்ல ஒரு பிரச்சன இருக்கும்மா.”

“எம் புருசனுக்கு அதெல்லாம் பிடிபடாது சார். குழாய் அடைச்சிருந்தா எங்க அடைச்சிருக்குன்னு காத வச்சே சொல்லிருவாரு. நீங்களும் அப்படி ஒரு ஆள வச்சுப் பாருங்களேன்.”

கேலி செய்யவில்லை, உண்மையாகவே யோசனை சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. பஞ்சர் கடை வரைக்கும் கூடவே நடந்து வந்து, வேணி தட்டச்சு கீழ்நிலை பாஸ் பண்ணியிருப்பதைச் சொன்னார்.

செப்டம்பர் 22, திங்கள்

கல்லூரிக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

மாசானம் ஆய்வகத்தில் ஒரு விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். அதிலிருந்து முறுக்குத் தூள் கொட்டியது. என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டான். எழுத்தர் அவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். நகராட்சி ஆவணங்களைப் பற்றி மனு மேல் மனு போடுகிறவன் என்பதால் அங்கே எல்லாருக்கும் அவனைத் தெரியும்.

“ஒண்ணு மட்டும் சொல்லுல. ஊருல எத்தனையோ பேரு இருக்கு. எம்பேரு மட்டும் எப்படில உன் கம்பெனியா மாறுச்சு?”

நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

“தேடிப்புடிச்சு மொத்தமா மாத்துனியால?”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். மேசையில் கையை அடித்துச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது. மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நின்ற பிறகு அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“எம்பேரு போனா ஒண்ணும் இல்லல. இன்னொருத்தன் குருவிய எடுத்தான், நல்லா இருக்கட்டும்னு போயிருவேன். அந்தப் பொம்பளைக்குப் புருசன் ரெண்டாந்தடவ போயிருக்கான்.”

விசைப்பலகையை ஓரமாக வைத்தான்.

வழி இருக்கிறது என்றான். ஏடு கோப்புக்குள் பழைய எழுத்துருவில் இருந்த மூலமும் அப்படியே பொதிந்து இருக்கிறது, அதை நான்தான் வைத்தேன். கோப்பின் பூட்டிய மேலுறையைப் பிரிக்கும் விதம் தெரிந்தால் குருவியை வைத்தே திறந்து சரியான பெயரோடு அச்செடுத்துவிடலாம். நான் விட்டுவைத்த அந்த நாலு பக்கம்தான் உறை பிரிக்கும் விதம். ஆனால் வெளியாள் கோப்பைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதால் நகராட்சி ஆணையர் தயங்குகிறார்.

“ஏடு குருவியிலேருந்து வந்ததுன்னு யாராவது எழுத்துல குடுத்தா, குருவியோட உரிமப்படி கோப்பத் தொறந்து பாக்க எங்களுக்கு உரிம இருக்கு, நான் விடுதேன்னு சொல்லுதாரு.”

“அந்த நாலு பக்கத்த நான் அனுப்பிருதேன். எம்பேரு வேண்டாம்.”

“பேரில்லாத தாள வச்சுத் தொறந்தா அது திருட்டுல. பேரு போட்டுக் குடுத்தா அது உரிம. ரெண்டும் ஒரே தாளுதான்.”

“எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு மாப்ள.”

“அந்தப் பொம்பளைக்கும் ஒரு பிள்ள இருக்கு” என்று மறுபடி விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்தான். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

உடம்பு சரியில்லை என்று விடுப்பு. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நானே தொட்டிக்குள் இறங்கிக் கழுவினேன். முழங்கால் அளவு சேறு. மூன்று மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது பேராச்சியிடமிருந்து ஆறு அழைப்புகள். இந்த முறை நானே திருப்பிக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் நகராட்சிக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று அரை மணி நேரம் மொட்டைமாடியில் நடந்தேன்.

செப்டம்பர் 24, புதன்

இன்றும் விடுப்பு. நாலு பக்கத்தையும் எழுதி முடித்துவிட்டேன். அது சுலபம், கை தானாகப் போயிற்று. கூட வைக்க வேண்டிய கடிதம்தான் காலையிலிருந்து பாடாய்ப் படுத்துகிறது.

முதல் வரைவில் ‘குருவி மென்பொருளின் தாக்கம் ஏட்டில் உள்ளது’ என்று எழுதியிருந்தேன். கிழித்தேன். இரண்டாவதில், ‘ஆசிரியர் பெயர்கள் கவனக்குறைவாக நீக்கப்பட்டன.’ சுபாஷினி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

“யாரு நீக்கினா?”

“படிச்சா தெரியாதா?”

“இதப் படிச்சா தானா உதுந்த மாதிரி இருக்கு.”

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சுத்தமாக இருந்தது. என்னை எவ்வளவு வெறுத்தேன் என்று இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

எத்தனை பங்கு என் எழுத்து என்று கடிதத்தில் குறிப்பிட வேண்டும். கால்வாசி என்று எழுதினேன். சந்தேகம் வந்து, குருவியின் பழைய சேமிப்பை இணையத்தில் திறந்து எண்ணினேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, எல்லாருக்கும் பொதுவாக. யார் எந்த வரியை எந்த நாளில் எழுதினார் என்பது வரை இருக்கிறது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். நான் எழுதியவை ஏழு. அந்த ஏழின் மேலும் என் பெயரை அவன் ஒழுங்காகப் போட்டு, இத்தனை வருடமும் வைத்திருக்கிறான்.

ஏழு என்று எழுதினேன். பெயர்களை நான் நீக்கினேன் என்று எழுதினேன். எட்டு வரிக் கடிதம்.

செப்டம்பர் 25, வியாழன்

பையில் இரண்டு தாள்கள். ஒன்று கம்பெனியின் உறுதிமொழி, ஒன்று என் கடிதம். அலுவலகத்துக்குப் போகிற வழியில் நகராட்சியும் இருக்கிறது, நகராட்சிக்குப் போகிற வழியில் அலுவலகமும் இருக்கிறது. இரண்டு முறை இரண்டையும் கடந்து போனேன். மூன்றாவது முறை நகராட்சிக் காவலாளியே வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று கை காட்டினார்.

மாசானம் வராந்தாவில் காத்திருந்தான். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தான். எட்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. இரண்டாம் முறையும் படிக்கிறான் என்று தெரிந்தது.

“நான் பண்ணினது பெரிய...” என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் பேசாதல. எனக்கு இப்ப அதக் கேக்க முடியாது” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். கடிதத்தை என்னிடம் நீட்டினான். “தேதி போடல. தேதி இல்லாத கடிதத்த ஆணையரு தொடமாட்டாரு.”

பத்தொன்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன், தேதி போடாமல் ஒரு பக்கம் கிடையாது. இதில் மட்டும் விட்டிருக்கிறேன். பேனா என் பையில்தான் இருந்தது. ஆனாலும் அவனிடம் கேட்டு வாங்கி, சுவரில் தாளை வைத்து, இன்றைய தேதியைப் போட்டேன்.

ஆணையர் வாசித்தார். என்னைப் பார்த்தார், மாசானத்தைப் பார்த்தார். “உங்க கம்பெனிக்குத் தெரியுமா?” என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும் என்றேன். பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, நாளைக் காலை திறக்கலாம் என்றார். வெளியே வந்து உறுதிமொழித் தாளைக் கையெழுத்தில்லாமல் அலுவலக வரவேற்பறையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலு மணிக்குத் தினகர் சார் கூப்பிட்டார். ஒரு நிமிடம் பேசினார். நாளையிலிருந்து வர வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வரும். சுபாஷினியிடம் சொன்னேன். “அப்ப இந்த மாசம் பால் ஒரு லிட்டர் குறைச்சிருவோம்” என்றாள். பிறகு உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. பயமாக இருக்கிறது. நன்றாகப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

காலை பத்து மணிக்கே பேராச்சியும் வேணியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாசானம் தன் மடிக்கணினியை எழுத்தர் மேசையில் வைத்தான். முதல் முயற்சியில் கோப்பு திறக்கவில்லை. என் விளக்கத்தின் மூன்றாம் பக்கத்தில் ஓர் எண் தப்பு. “எப்பவும் போல ஒண்ணு கூடப் போட்டு எண்ணியிருக்க” என்றான். குனிந்து திருத்தினேன். பக்கத்தில் உட்கார இடம் விட்டானா, தற்செயலாக நகர்ந்தானா என்று தெரியவில்லை. உட்கார்ந்துகொண்டேன்.

பதினொன்றே காலுக்குத் திறந்தது. அறுபத்து மூன்று பேரும் தெருவும் வரிசையாக வந்தார்கள். அவன் எழுந்து அச்சுப்பொறி பக்கம் போய், தாள் சிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். வந்த தாளை எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேராச்சியிடம் கொடுத்தார். விண்ணப்பத்தோடு இணைக்கச் சொன்னார்.

பேராச்சி தாளைக் கைக்கெட்டிய தூரத்தில் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அருகில் கொண்டுவந்து பார்த்தார். வேணி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடி கொண்டாரல சார். சரியா இருக்கான்னு வாசிச்சுச் சொல்லுங்க.”

வாங்கினேன். எழுத்துகள் பெரிதாகத்தான் இருந்தன.

“பெயர், மாசானம்” என்று வாசித்தேன். அச்சுப்பொறி பக்கம் நின்றவன் திரும்பிப் பார்த்தான். “பதவி, குழாய் பொருத்துநர். பணியில் சேர்ந்த நாள், பன்னிரண்டு ஆறு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டு.”

பேராச்சி தலையை ஆட்டினார். தாளைத் திருப்பிக் கேட்கவில்லை.

“பேர மட்டும் இன்னொரு தடவ வாசிங்க சார்.”

வாசித்தேன்.